பண்டுராவில் மெட்டுகள் இல்லை

பண்டுரா உக்ரைனின் தந்தி இசைக்கருவி. மெட்டு என்று இங்கே சொல்வது பாடல் மெட்டை அல்ல, வீணையில் இருப்பது போன்ற குறுக்குக் கட்டையை (fret). ‘பண்டுரா என்பது பலலைக்காவின் உக்ரைனியப் பெயர், கழுத்தில் மெட்டுகளை அழுத்தி வாசிப்பார்கள்’ என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. ரஷ்யத் தந்திக் கருவியான பலலைக்காவுக்கு முக்கோண உடல், பொதுவாக 3 தந்திகள், மெட்டுகள் உண்டு. இன்றைய கச்சேரிப் பண்டுராவிலோ மெட்டே இல்லை. சுமார் 55 முதல் 65 தந்திகள், ஹார்ப் போலத் தந்திக்கு ஒரு சுரம். கழுத்தோரம் ஓடுபவை மந்தரத் தந்திகள், அதாவது தாழ்ந்த சுரங்களுக்கானவை. உயர்ந்த சுரங்களுக்கான மேல் தந்திகள் பலகையின் குறுக்கே விரிந்திருக்கும். வாசிப்பில் உக்ரைனிய நகரங்களின் பெயரால் இரண்டு முறைகள் உண்டு. செர்னிஹிவ் முறையில் இடக்கை பெரும்பாலும் மந்தரத்தோடு நிற்கும். கார்கிவ் முறையில் அது மேல் தந்திகளுக்கும் தாராளமாகப் போகும், அந்த முறையின் அழகே அதுதான்.

அழுத்தி வாசிக்கும் வழக்கம் முற்றிலும் கற்பனையல்ல. உக்ரைனியப் பாடகர் ஓஸ்தாப் வெரசாய் (1803–1890) தம் கோப்சாவின் (பண்டுராவுக்கு உறவான தந்திக் கருவி) கழுத்துத் தந்திகளை விரலால் அழுத்தி வாசித்தார். அதிலும் மெட்டுகள் கிடையாது.