மழை பெய்யும்போதே கூப்பிடுங்கள்

பக்கத்து வீட்டுத் தண்ணீர் வந்து தோட்டம் பாழானால் நாம் என்ன செய்கிறோம்? மழை விட்டு, வெயில் வந்து, தரை காய்ந்த ஒரு நாளில் போய் அவர்கள் கேட்டைத் தட்டுகிறோம். நானும் அப்படித்தான் போனேன். போயிருக்கவே கூடாது.

என் கையில் ஆறு வருஷ எலுமிச்சை மரத்தின் வேர்த்துண்டு ஒன்று. மழை முடிந்து சில நாளில் இலையெல்லாம் துவண்டது. தாகம் என்று நினைத்து இன்னும் இரண்டு வாளி ஊற்றினேன் (இந்த முட்டாள்தனத்தை வீட்டில் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்கள்). வேருக்கும் மூச்சு விட வேண்டும். மண்ணின் இண்டு இடுக்கில் காற்று இருக்கும்வரை அதற்குக் கவலையில்லை. தண்ணீர் நிரம்பிவிட்டால் முடிந்தது கதை, ஆக்ஸிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மூச்சுமுட்டிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. காலடியில் தண்ணீர் நிற்க, மேலே இலை வாடுகிறது. தோண்டினால் அழுகிய முட்டை நாற்றம். ஒரு சல்லிவேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்தது, உள்ளே நூல்போல ஒன்று மட்டும் மிச்சம். எலுமிச்சை வகைக்கு வேரழுகல் வந்தால் இப்படித்தான் இருக்கும்.

அதைத்தான் பக்கத்து வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "அண்ணே, உங்க மாடித் தண்ணியாலதான் இது செத்துச்சு." அவர் வேரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். இரண்டும் காய்ந்து கிடந்தன. "எங்க தம்பி தண்ணி? காட்டுங்க பார்ப்போம். வானத்துலேர்ந்து விழுறதுக்கெல்லாம் நானா பொறுப்பு?"

பதிலுக்கு நான் வக்கீல், நோட்டீஸ் என்று ஏதோ சொல்லிவிட்டேன். மூன்று வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

கோபத்தில் சட்டமெல்லாம் படித்தேன். சண்டை ஒன்றும் புதிதில்லை. சுமார் 3,750 வருஷத்துக்கு முந்தைய பாபிலோன் மன்னன் ஹம்முராபியின் சட்டத்திலேயே, வாய்க்காலைத் திறந்துவிட்டுக் கவனிக்காமல் இருந்து பக்கத்து வயலை மூழ்கடித்தவன் தானியம் அளந்து கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. ரோமானியர்கள் இன்னும் தெளிவு: மேட்டு நிலத்திலிருந்து தானாக வழியும் மழைத்தண்ணீரைப் பள்ளத்து நிலத்துக்காரன் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். மேட்டுக்காரன் எதையாவது கட்டித் தண்ணீரின் போக்கை மாற்றினால் பள்ளத்துக்காரன் வழக்குப் போடலாம். இன்றும் பல நாட்டுச் சட்டங்களில் இதன் சாயல் உண்டு. ஆக, கேள்வி 'யார் வீட்டு மழை' என்பதில்லை. போக்கை மாற்றியது யார்?

அதைக் காய்ந்த தரையில் நின்று கண்டுபிடிக்க முடியாது. அடுத்த மழை வந்த சாயங்காலம் வெட்கத்தை விட்டுப் போன் போட்டேன். "அண்ணே, சண்டைக்கு இல்ல. ஒரு நிமிஷம் குடையோட வாங்க."

வந்தார். அவர் புதிதாகப் போட்ட சிமெண்ட் தளத்தின் வாட்டம் முழுக்க என் பக்கம். மாடியிலிருந்து இறங்கும் பைப்பின் கடைசி எல்போவும் (வளைவுத் துண்டு) சுவரின் அடியைப் பார்த்தே திரும்பியிருந்தது. 1,000 சதுர அடி மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,850 லிட்டருக்கு மேல். அத்தனையும் அந்த ஒரே வாயிலிருந்து வந்து, சுவரின் அடியில் கசிந்து, என் செடிகளின் காலடியில் நுரைத்துக்கொண்டிருந்தது. நான் வாயே திறக்கவில்லை. "அடடா" என்றார் அவராகவே.

பிறகு கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி. "ஆமா தம்பி, வந்த தண்ணி ஏன் போக மாட்டேங்குது? இந்த மூலையில ஒரு ஓட்டை இருந்துச்சே?"

இருந்தது. எலி வருகிறது என்று போன வருஷம் நானேதான் சிமெண்ட் வைத்து அடைத்தேன்.

அதோடு சண்டை செத்துவிட்டது. மறுநாள் கொத்தனார் வந்து டியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தார். ஒரு முனையை அவர் பிடிக்க, மறு முனையை நான் பிடித்தேன். எல்போ அண்ணன் பக்கத்திலேயே தோண்டிய சல்லிக்குழிக்குத் திரும்பியது. என் ஓட்டை கம்பிவலையோடு திறந்தது. பைப் செலவு அவருடையது, கொத்தனார் கூலி பாதிப் பாதி. பேசியதை அன்றிரவே வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதி அனுப்பினேன், "சரி தம்பி" என்று பதில் வந்தது. நாளைக்கு வீடு கைமாறினாலும் இருக்கட்டும்.

மரத்துக்கு நஷ்டஈடு கேட்கவில்லை. பெருந்தன்மை எல்லாம் இல்லை, ஓட்டையை அடைத்தவன் எந்த வாயால் கேட்பது? ஆனால் கேட்கிறவர்களும் முதலில் தண்ணீரை நிறுத்தச் சொல்லுங்கள், பணத்தைப் பிறகு பேசுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால், தப்பை ஒத்துக்கொள்ள நினைப்பவர்கூட வாயை மூடிக்கொள்வார். தேதியோடு போட்டோ எடுங்கள், கட்டாயம் எடுங்கள். ஆனால் முதல் பேச்சிலேயே நீட்டாதீர்கள், நீட்டிய நிமிஷமே அவர் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறார்.

மழையே இல்லாமல் மண் ஈரமாக இருந்தால் அது வேறு விஷயம். எங்கோ பைப் உடைந்திருக்கலாம். எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டர் ஓடுகிறதா என்று இரண்டு வீட்டிலும் பாருங்கள், முதலில் உங்கள் வீட்டில். கூப்பிட்டும் வராத மனிதர் என்றால் எழுத்தில் புகார், அப்புறம் வக்கீல், வேறு வழியில்லை.

போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு நல்ல மழை. அண்ணன் போன் செய்தார். "தம்பி, உங்க பக்கம் தண்ணி வருதா, எட்டிப் பாருங்க." போர்வைக்குள் இருந்தபடியே "வரலண்ணே, நீங்க தூங்குங்க" என்றேன். காலையில் போய்ப் பார்த்தால் கொஞ்சம் வந்துதான் இருந்தது. சொல்லவில்லை. வலையில் சருகு அடைத்திருந்தது, எடுத்துப் போட்டேன்.