பத்து விநாடிக்கு மேல் அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள்

"முட்டை வைத்துவிட்டதா?" என்ற கேள்வியைக் கடந்த மூன்று வாரங்களில் இந்த வீட்டார் என்னிடம் எத்தனை முறை கேட்டுவிட்டார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. கேள்வியோடு நின்றிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன். கேட்டவர் பதிலுக்குக்கூடக் காத்திராமல் நேரே அலமாரிக்குப் போய், காலணிப் பெட்டியின் மூடியைத் திறந்து, நான் வளர்க்கும் ராணி எறும்பு இருக்கும் சோதனைக்குழாயைச் சுற்றியிருக்கும் கறுப்புத் துணியை உருவி, கைபேசி விளக்கை முகத்துக்கு நேரே அடித்து, "அசையவே இல்லையே, செத்துவிட்டதோ?" என்று சந்தேகப்பட்டு, அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக நகத்தால் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறார். அவர் போன அரைமணி நேரத்தில் அடுத்தவர் வருகிறார்.

உள்ளே இருப்பவள் என்ன நிலையில் இருக்கிறாள் என்பதை ஒருவராவது நின்று கேட்டதுண்டா? கலவிப் பறப்பு முடிந்ததும் சிறகுகளை உதிர்த்துவிட்டு, ஈரப் பஞ்சுக்கும் உலர்ந்த பஞ்சுக்கும் இடையிலான இரண்டு விரல் இடத்தில் அடைந்து கிடக்கிறாள். முதல் வேலைக்கார எறும்புகள் வெளிவரும் வரை அவளுக்கு இரை கிடையாது. இனிப் பறக்கத் தேவையில்லை என்பதால் சிறகை அசைத்த தசைகளையும் உடற்கொழுப்பையும் கரைத்துத்தான் முட்டையிடுகிறாள். பொரித்து வரும் புழுக்களுக்கும் அதிலிருந்தே ஊட்டுகிறாள். இந்த இடம் பாதுகாப்பற்றது என்று அவளுக்குத் தோன்றிவிட்டால், இட்ட முட்டைகளைத் தானே தின்றுவிடுவாள். அதைக் கொடூரம் என்று சொல்லி முகம் சுளிப்பவர்கள், தட்டிய நகம் யாருடையது என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஒன்பதாம் நாள் நான் எண்ணியபோது 13 முட்டைகள் இருந்தன. குண்டூசித் தலையளவு வெண்மையாக ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கொத்தை அவள் தாடைகளால் கவ்விக்கொண்டு, விளக்கு விழாத முனையைத் தேடிப் பஞ்சு முதல் பஞ்சு வரை ஓடினாள், முனை முடிந்ததும் திரும்பினாள், மறுபடியும் ஓடினாள். பதினான்காம் நாள் ஐந்துதான் மிச்சம். முழுப் பழியையும் வீட்டார்மேல் போடுவது நியாயமாகாது என்பதால் சொல்லிவிடுகிறேன்: அந்த ஐந்து நாள்களில் இரண்டு முறை, எல்லோரும் தூங்கிய பிறகு, நானும் பெட்டியைத் திறந்தேன்.

இதில் என் மைத்துனருக்குத் தனிக் கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. எறும்புகளின் கண்ணுக்குச் சிவப்பு வெளிச்சம் ஏறக்குறையத் தெரியாது என்று எங்கோ படித்துவிட்டு, குழாயைச் சுற்றிச் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டி, "இனி எந்நேரமும் பார்க்கலாம்" என்று அறிவித்துவிட்டார். படித்தது சரிதான். ஆனால் எறும்பு அதிர்வைக் கால்களால் உணர்கிறது என்ற அடுத்த பாடத்துக்கு அவர் போகவில்லை. குழாயை எடுத்தல், சாய்த்தல், மேசைமேல் டக்கென்று வைத்தல் ஆகிய மூன்றும் அவளுக்கு மூன்று நிலநடுக்கங்கள். சிவப்புத் தாள் நிலநடுக்கத்தைத் தடுக்குமா?

ஆலோசனை சொல்பவர்கள் இவர்களுக்கும் மேல். ஒருவர் தினமும் பார் என்கிறார். இன்னொருவர் ஒரு மாதம் பக்கமே போகாதே என்கிறார். எந்த இனம் என்று இருவருமே கேட்பதில்லை. சில இனங்களில் ராணி முட்டையிடும் காலத்திலும் வெளியே போய் இரை தேடித் தின்பவள். அப்படிப்பட்டவளை அடைத்துவைத்துவிட்டு ஒரு மாதம் எட்டிப் பார்க்காமல் இருந்தால் பட்டினியில் செத்துக் கிடப்பாள். அவளுக்குச் சில நாள்களுக்கு ஒருமுறை இரை வைத்தே ஆகவேண்டும். என்னிடம் இருப்பது கறுப்புத் தோட்ட எறும்பு, அதாவது லாசியஸ் நைஜர். இவளுக்கு இருட்டும் தண்ணீரும் அமைதியும் போதும்.

ஆகவே இந்த வீட்டில் இனி வாரம் ஒருமுறை, பத்து விநாடி, அவ்வளவுதான். தண்ணீர் மிச்சமிருக்கிறதா, பஞ்சில் பூஞ்சை படர்கிறதா, ராணி நிற்கிறாளா என்று பார்க்க அதற்கு மேல் நேரம் தேவையில்லை. பஞ்சு லேசாக மஞ்சளித்திருப்பதைக் கண்டு பதறிக் குழாய் மாற்றுவதும் வேண்டாம். முட்டை புழுவாகி, புழு கூட்டுப்புழுவாகி, முதல் வேலைக்காரி வெளிவர வெப்பநிலையைப் பொறுத்து ஆறு முதல் எட்டு வாரங்கள் பிடிக்கும். காலையில் பார்த்ததை மாலையில் மறுபடி பார்ப்பதால் எதுவும் விரைந்துவிடாது. சின்னஞ்சிறு வேலைக்காரிகள் நாலைந்து பேர் வந்துவிடட்டும். அதன்பின் இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை துளித் தேனும் பூச்சியின் ஒரு காலும் வைக்கவும், மிச்சத்தை மறுநாள் எடுக்கவும் எப்படியும் திறந்துதான் ஆகவேண்டும். ஆசைதீர அப்போது பாருங்கள். இந்த இனத்து ராணி ஒருத்தி மனிதர் வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறாள். உங்களுக்கு எட்டு வாரம் பொறுக்கவில்லை!

நேற்று இரவு பெட்டியைத் துணி அடுக்கிய தட்டின் பின்னால் தள்ளிவைத்து, மூடிக்கு டேப் ஒட்டி, "ஞாயிறு காலை மட்டும்" என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தேன். இன்று காலையில் மைத்துனர் அதை நின்று நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு என்னிடம் வந்து, டேப்பை மெதுவாகப் பிரித்துத் திரும்ப ஒட்டினால் ராணிக்குத் தெரியுமா என்று கேட்கிறார்.