இறாலில் எலுமிச்சை பிழிந்தால் விஷமா?

இறால் சாப்பிட்டுவிட்டு வைட்டமின் சி எடுத்தால் வயிற்றுக்குள் ஆர்சனிக் விஷம் உருவாகி ஆள் செத்துவிடுவார், அதனால் எலுமிச்சைகூடப் பிழியாதீர்கள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பல வருடமாகச் சுற்றுகிறது. பொய்.

இறாலில் ஆர்சனிக் இருப்பது உண்மைதான், அந்தத் துளி உண்மையை வைத்துத்தான் கதையே ஓடுகிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ஆர்சனோபீட்டைன் என்ற கரிமச் சேர்மம். உடலில் மாறாமல் அப்படியே சிறுநீரில் போய்விடும். நஞ்சான கனிம ஆர்சனிக் மிகச் சொற்பம். சரி, கிலோவுக்கு அரை மில்லிகிராம் என்று தாராளமாகவே வைத்து, அது முழுக்க ஆர்சனிக் ட்ரையாக்சைடு என்ற கொடிய விஷமாக மாறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஆளைக் கொல்ல அதில் குறைந்தது 70 மில்லிகிராமாவது வேண்டும், அதாவது ஒரே வேளையில் நூறு கிலோவுக்கு மேல் இறால். எலுமிச்சைக்கு முன்னால் வயிறு வெடித்துவிடும்!

பயப்பட வேண்டியது வேறு. எலுமிச்சைச் சாற்றில் ஊறிய இறால் வெளுத்து, வெந்தது போலவே தெரியும், ஆனால் கிருமி சாகாது, அடுப்பில் ஏற்றியே ஆக வேண்டும். கண்ணாடி போலிருந்த சதை நடுவரை வெள்ளையாகி, வால் உள்பக்கமாக வளையும்போது இறக்குங்கள், சில நிமிட வேலைதான். அப்புறம் எலுமிச்சையைத் தாராளமாகப் பிழியலாம், வீட்டில் யாருக்கும் இறால் ஒவ்வாமை இல்லையென்றால்.