ஷென்சென்: போய்வர அருமை, ஆனால் குடியிருக்க?

சீனாவின் ஷென்சென் நகரம் பற்றி யார் வீடியோ போட்டாலும் கீழே ரெண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அது சொர்க்கம், இன்னொரு கட்சிக்கு எல்லாமே அரசாங்க விளம்பரம். வேலைக்காகச் சில வருடம் அங்கே குடியிருந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன், வீடியோவில் வருவது பொய்யில்லை. மெட்ரோவின் முதல் தடமே 2004 கடைசியில்தான் திறந்தது, இன்றைக்கு அதை நம்பியே ஊர் முழுக்கச் சுற்றிவிடலாம். 2017 முடிவதற்குள் ஊரிலிருந்த 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகள் மொத்தமாக மின்சாரத்துக்கு மாறிவிட்டன. பெரிய சாலை ஓரத்தில் நின்று குரலை உயர்த்தாமல் பேசலாம், டீசல் புகை கிடையாது. நடுராத்திரியில் பெண்கள் தனியாக நடந்து வீட்டுக்குப் போகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது ஒன்றுக்காகவே அந்த ஊரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஹுவாச்சியாங்பெய் எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டுக்கு ஒரு நாள் முழுசாக ஒதுக்குங்கள். மாடி மாடியாகக் கண்ணாடிப் பெட்டிகள், உள்ளே எல்இடி, கேமரா லென்ஸ், சிப், பேட்டரி. விலை கேட்டால் கடைக்காரம்மா கால்குலேட்டரில் தட்டி நம் பக்கம் திருப்புவார், அதை அழித்துவிட்டு நம் விலையை நாம் தட்ட வேண்டும், பேச்சே தேவையில்லை. சாயங்காலமானால் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் காதைப் பிய்க்கும்.

சுற்றிப்பார்க்கப் போகிறவர்களுக்கு இருக்கிற தொல்லைகள் சின்னவை. கையில் போன் செத்தால் நீங்களும் செத்தீர்கள், காசு கொடுப்பதிலிருந்து சைக்கிள் எடுப்பது வரை எல்லாம் க்யூஆர் கோடு. கூகுள், வாட்ஸ்அப், முகநூல் எதுவும் அங்கத்திய சிம்மில் வராது, நம்மூர் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டு போனால் வரும். சைவம் சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் திண்டாடத்தான் வேண்டும்.

என் வருத்தம் வேறு. 1980-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவித்தபிறகு வெளியூர்க்காரர்கள் வந்து எழுப்பிய நகரம் இது. 2020 கணக்கெடுப்பில் சுமார் 1 கோடியே 75 லட்சம் பேர், அதில் பாதிக்கும் மேலானவர்களுக்கு அந்த ஊரின் ஹுகோ, அதாவது குடியிருப்புப் பதிவு, கிடையாது. அரசுப் பள்ளியில் இடத்துக்குப் புள்ளிக் கணக்கு: சொந்த வீடு இருக்கிறதா, ஹுகோ இருக்கிறதா, எத்தனை வருடம் சமூகக் காப்பீடு கட்டியிருக்கிறீர்கள் என்று. என்னோடு வேலை பார்த்த ஹூனான் மாகாணத்துக்காரர் ஒருவரின் மகள் கிராமத்தில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தாள். சீனப் புத்தாண்டு விடுமுறைக்குப் போய்ப் பார்ப்பார், மற்ற நாளெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ காலில் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பார். இத்தனை பேருந்தை மாற்றத் தெரிந்த நிர்வாகத்துக்கு அந்தக் குழந்தைக்கு ஒரு பள்ளி இடம் தர முடியாது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இப்படி வெளியூரிலிருந்து வந்தவர்கள் பலர் தங்குவது நகரத்துக்குள் மாட்டிக்கொண்ட பழைய கிராமங்களில். ஷென்சென்னின் நான்ஷான் பகுதியில் பாய்ஷிஜோவ் அப்படி ஓர் இடம், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் எதிர்வீட்டு ஜன்னலைத் தொடலாம், பகலிலும் லைட் போட வேண்டும், ஆனால் வாடகை குறைவு, வேலைக்கும் பக்கம். லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்த அந்த இடத்தை இடித்துக் கட்டப்போகிறோம் என்று 2019-இல் காலி செய்ய ஆரம்பித்தார்கள். கட்டட உரிமையாளர்களுக்கு ஈடு உண்டு, வாடகைக்கு இருந்தவர்கள் நகரத்தின் ஓரத்துக்குப் போக வேண்டியதுதான். புது கண்ணாடிக் கோபுரங்களின் படத்துக்கு ஹார்ட் போடுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வேலை வந்திருக்கிறது, போகலாமா என்று இன்பாக்ஸில் கேட்கிறவர்களுக்கு: தனி ஆளாக இருந்தால் தாராளமாகப் போங்கள், நிறையக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் சில கம்பெனிகளில் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார வைப்பார்கள், அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். பள்ளி போகும் பிள்ளை இருந்தால் சர்வதேசப் பள்ளிக் கட்டணத்தைக் கம்பெனி கட்டும் என்று எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.