திருப்பணிக் குழுவில் ஒரு வேதியியல்காரர் வேண்டும்

ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் வாரத்தில் பினாங்கில் நம்மவர் வீடுகளில் நடக்கும் பேச்சு எனக்கு மனப்பாடம். வேதியியலில் ஏ வாங்கிய பிள்ளை என்றால் மருத்துவம். இடம் கிடைக்காவிட்டால் மருந்தியல். அதுவும் இல்லையென்றால் பொறியியல். ஆறாம் படிவத்தில் வேதியியல் நடத்தும் எனக்கு இந்தப் பட்டியலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இந்த ஆண்டு ஒரு மாணவி, கலைப்பொருள் பாதுகாப்பு படிக்கப் போகிறேன் என்றாள். "மியூசியத்தில் தூசி தட்டவா டீச்சர் இவளை இவ்வளவு படிக்க வைத்தேன்?" என்று அவளுடைய அப்பா என்னிடமே சண்டைக்கு வந்தார். நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தூசி தட்டவும் படிப்பு வேண்டும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ரோமில் 1939-இல் தொடங்கப்பட்ட சீரமைப்புக் கழகம் இந்தத் துறையின் தாய்வீடுகளில் ஒன்று. அங்கே இன்று இது ஐந்தாண்டுப் படிப்பு. அதன் முதல் இயக்குநர் சேஸரே பிராண்டியின் காலத்தில் உருவான முறை ஒன்று உண்டு. பழைய ஓவியத்தில் ஒரு துண்டு உதிர்ந்துவிட்டால், அந்த இடத்தில் வண்ணத்தை அப்பிவிடுவதில்லை. நீர்வண்ணத்தில் மெல்லிய செங்குத்துக் கோடுகளை நெருக்கி நெருக்கி இழுக்கிறார்கள். எட்ட நின்றால் ஓவியம் முழுமையாகத் தெரியும். கிட்டப் போனால் எது பழையது, எது நேற்றுப் போட்டது என்று கோடுகள் காட்டிக்கொடுத்துவிடும். வேண்டாம் என்றால் நாளை துடைத்தும் எடுக்கலாம். தன் கை பட்ட இடத்தை மறைக்கக் கூடாது, தான் செய்ததைப் பின்னால் வருகிறவர் நீக்கிவிட முடிய வேண்டும். இந்த ஒழுக்கம் கையில் ஏறத்தான் அத்தனை ஆண்டுகள்.

இப்போது ஜார்ஜ் டவுனுக்கு வாருங்கள். 2008-இல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர். இங்குள்ள பழைய கடைவீடுகள் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் எழும்பியவை. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, நீற்றி, மணலோடு குழைத்துப் பூசினால் அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல வாங்கி மறுபடியும் கல்லாகிறது. நுண்துளைகள் நிறைந்த கல் என்பதால், தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? உறுதியாக இருக்கட்டும் என்று மேலே சிமெண்ட் பூசி, அதற்கும் மேலே பளபளவென்று எனாமல் அடிக்கிறார்கள். மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடுகிறவன் நிலைமைதான் சுவருக்கு. ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறுகிறது. அதில் கரைந்து வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லை மாவாக உதிர்க்கிறது. சிமெண்ட் பாளம் பாளமாகக் கழன்று விழும்போது, "பழைய சுவர், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி இன்னும் கனமாகப் பூசுவார்கள். இதில் மர்மம் எதுவுமில்லை. எல்லாம் நான் வகுப்பில் நடத்தும் பாடம்.

கோயில் என்றால் பேச்சு கொஞ்சம் சிக்கலாகும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குடமுழுக்கு, கோபுரச் சுதைகளுக்குப் புது வண்ணம் என்பது நம் வழக்கம். இதைக் கண்டு முகம் சுளிக்கும் நிபுணர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கும்பிடுகிற சாமி கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருள் ஆகாது. எது அசல் என்பதை அந்தந்தப் பண்பாட்டை வைத்தே பார்க்க வேண்டும் என்று 1994-இல் ஜப்பானின் நாரா நகரில் கூடிய மரபுடைமை நிபுணர்களே எழுதிவைத்தார்கள். ஆகவே ஸ்தபதி தாராளமாக வண்ணம் தீட்டட்டும். என் சண்டையெல்லாம் அதற்கு முந்தைய வாரத்தோடுதான். கம்பித் தூரிகையும் சுரண்டுகத்தியும் கொண்டு பழைய பூச்சை அடிவரை வழித்தெறிவதை நான் சாரத்தின் கீழே நின்று பார்த்திருக்கிறேன். அதில் கடுகளவு சில்லு ஒன்றைப் பிசினில் பதித்து, குறுக்கே தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொரு குடமுழுக்கின் வண்ணமும் அடுக்கடுக்காகத் தெரியும். எந்தத் தலைமுறை அம்மனுக்கு என்ன நிறத்தில் புடவை தீட்டியது என்பதற்குப் பெரும்பாலும் அது ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சி குப்பை லாரியில் போகிறது.

காகிதத்தின் கதி இதைவிட மோசம். ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு. இரும்பு உப்பும் மாசிக்காய்ச் சாறும் சேர்ந்த மையின் அமிலம் தாளைத் தின்றுவிட்டிருந்தது. எழுத்து இருந்த இடத்தில், அதே எழுத்தின் வடிவில், ஓட்டை. ஒரு தகப்பனாரின் பெயர் முழுக்கத் துளைகளாக நின்றது. கிழிந்த ஓரத்தில் யாரோ நல்லெண்ணத்தோடு ஒட்டிய செலோடேப்பின் பசை ஊறிப் பழுப்பேறிக் கிடந்தது. கோதுமை மாச்சத்துப் பசையும் ஜப்பானிய மெல்லிய நார்த்தாளும் வைத்து இதைத் தாங்கிப் பிடிக்கக் கற்றவர்கள் உலகில் இருக்கிறார்கள். நாமோ தாத்தாவின் பிரஜா உரிமைப் பத்திரத்தைக் கடையில் கொடுத்து லேமினேட் செய்துவிட்டு, பத்திரமாகிவிட்டது என்று மகிழ்கிறோம். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பின்னால் பிரிப்பது பெரும்பாடு.

வெளிநாட்டில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கும் இங்கே மறுபாடம் காத்திருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பினாங்கில் 80 என்பது சாதாரணம். பகலெல்லாம் குளிர்சாதனத்தை ஓடவிட்டு மாலை ஐந்து மணிக்கு நிறுத்திவிட்டுப் போகும் அறையில் ஏடுகள் தினமும் சுருங்கி விரியும். சும்மா ஜன்னலைத் திறந்து வைத்த அறை அதைவிட மேலாகவும் இருக்கலாம்.

கடாரம் கொண்டான் என்று மேடையில் முழங்கினால் கைதட்டல் நிச்சயம். அந்தக் கடாரத்து, அதாவது இன்றைய கெடாவின், பூஜாங் பள்ளத்தாக்கில் 2013-இல், நில மேம்பாட்டு வேலையின்போது 11-ஆம் எண் சண்டி (பழங்காலக் கோயிலின் எச்சம்) தரைமட்டமானது. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருந்தும், அந்த இடம் அதன்கீழ் அரசிதழில் ஏறாமலே கிடந்தது. கண்டன அறிக்கைகளுக்குக் குறைவில்லை. எது பதிவாகியிருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று கோப்புகளோடு உட்காரும் ஆளுக்குத்தான் பஞ்சம். அந்த வேலையும் இந்தப் படிப்பில் அடக்கம்.

வெள்ளைக்காரன் படிப்பு என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு பெயர்: எஸ். பரமசிவன். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர். 1930களிலேயே, குளோரைடு அரித்த வெண்கலச் சிலைகளை மின்பகுப்பு முறையில் மீட்டுக்கொண்டிருந்தார்.

சம்பளம் மருத்துவர் அளவுக்கு வராது. பொய் சொல்லி யாரையும் அனுப்ப மாட்டேன். கட்டடப் பாதுகாப்பை உள்நாட்டுக் கட்டடக்கலைத் துறைகளில் படிக்கலாம். ஓவியம், காகிதம், உலோகம் என்றால் பெரும்பாலும் டில்லி, லண்டன், ரோம் என்று வெளியே போக வேண்டும், செலவு உண்டு. மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் கல்வி நிதி தரும் நம் சங்கங்கள் பட்டியலில் இன்னொரு வரி சேர்த்தால் என்ன? கோபுரத்துக்குப் பெயிண்ட் வாங்க வசூலாகும் தொகையோடு ஒப்பிட்டால் அது பெரிய பணமில்லை.

அடுத்த ஆண்டு குடமுழுக்கு வைத்திருக்கும் கோயில் நிர்வாகத்தினர் யாராவது இதைப் படித்தால், சாரம் கட்டிய பிறகு, சுரண்டத் தொடங்கும் முன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். சனிக்கிழமையாக இருந்தால் மாணவர்களோடு வந்துவிடுகிறேன். கேமரா, அளவுநாடா, சில்லு எடுத்துப்போட உறைகள் எல்லாம் நாங்களே கொண்டுவருவோம். மேலே ஏற ஒரு ஏணி மட்டும் கொடுத்தால் போதும்.