குமட்டல் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சை நாட்களில் குமட்டல் வந்தால் மாத்திரை போடலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதையும் சேர்த்திருக்கலாம். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றினால், அன்று தெம்பாக இருப்பவர்கூட இரண்டாம், மூன்றாம் நாளில் சுருண்டு படுத்துவிடலாம். வயிறு சரியாக இருந்தாலும் டாக்டர் சொன்ன நாள்வரை, சொன்ன நேரத்துக்கு மாத்திரை போட வேண்டும்.

என் அம்மாவுக்கு ஒன்டான்செட்ரான் மாத்திரை குமட்டலை அடக்கியது, ஆனால் மலச்சிக்கல் பாடாய்ப் படுத்தியது. இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள், அதற்கும் மருந்து தருவார்கள். குமட்டலுக்குத் தரும் இன்னொரு மருந்தான டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு அளவு ஏறும், இரவில் போட்டால் தூக்கமும் போகும். ஓலன்சபைன் எழுதினால், மனநோய் மாத்திரை என்று பயந்து சிலர் நிறுத்திவிடுகிறார்கள். கீமோ குமட்டலுக்கும் அது நல்ல மருந்துதான். தூக்கக் கலக்கம் வரும் என்பதால் வயதானவர்களைத் தனியாக எழுந்து நடக்க விடாதீர்கள்.

அப்புறம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டாம்பெரிடோன் என்ற வாந்தி மாத்திரையை நீங்களாகக் கூடுதலாகச் சேர்க்கவே வேண்டாம். அதுவும் ஒன்டான்செட்ரானும் சேர்ந்தால் இதயத் துடிப்பின் சீர் கெடலாம். மாத்திரை போட்டும் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்றால், விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.