சென்னை விலகி ஓடுவதில்லை

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் மொரீஷியஸிலிருந்து சென்னைக்குப் பறக்க ஏழரை மணி நேரமும், திரும்பி வர நாலரை மணி நேரமும் ஆகிறது என்றொரு செய்தி, தைப்பூசத்துக்கு ஊருக்குப் போகிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பரவி வருகிறது. இது தவறு.

மொரீஷியஸின் பிளேசான்ஸிலுள்ள நம் விமான நிலையத்துக்கும் சென்னைக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 4,450 கி.மீ.; நேரடியாகப் பறந்தால் எந்தத் திசையிலும் சுமார் ஆறு மணி நேரம். காற்றின் போக்கால் சில நிமிடங்கள் கூடலாம், குறையலாம்.

குழப்பத்துக்குக் காரணம் கடிகாரம். பயணச்சீட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள். இந்தியா நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முந்தியது. இரவு 10.00 மணிக்கு இங்கே புறப்பட்டு ஆறு மணி நேரம் பறந்தால் சென்னையில் காலை 5.30 ஆகியிருக்கும், அங்கே காலை 8.00 மணிக்குக் கிளம்பினால் இங்கே பிற்பகல் 12.30 தான்.

பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. இல்லையென்றால், நிலநடுக்கோட்டருகே மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் நகரும் நிலத்தை, 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் துரத்திப் பிடிப்பதாவது!

சீட்டிலுள்ள ‘பயண நேரம்’ என்ற கட்டத்தை இரு வழிக்கும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தச் செய்தியை மேற்கொண்டு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.